7. நாணயத்துக்கு எந்தப் பிளாஸ்டிக்?

நாணயம் சேர்க்கத் தொடங்கும் எவரும் முதலில் வாங்குவது ஓர் ஆல்பம். நாணயத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கப் பத்து முறை யோசிக்கிறவர்கள்கூட, ஆல்பம் என்று வரும்போது கடையில் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்தைப் புரட்டினால் 1943-க்கும் 1947-க்கும் இடையில் வந்த ஓட்டைக் காலணாவைச் சுற்றிப் பச்சையாக ஏதோ கசிந்திருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். காற்று பட்டுத்தான் களிம்பு ஏறிவிட்டது என்று எண்ணிப் புளி போட்டு விளக்குவார்கள். காலணா பளபளக்கும், சேகரிப்பாளர் பார்வையில் அதன் மதிப்பு அன்றோடு போய்விடும்.

அந்தப் பச்சைக்குக் காரணம் காற்று அன்று, ஆல்பத்தின் பை. நாணயத்தைக் காப்பாற்ற வாங்கிய பிளாஸ்டிக்கே அதை அரித்திருக்கிறது. பிளாஸ்டிக் எல்லாம் ஒன்று என்ற நினைப்புதான் இதற்கு வழிவிடுகிறது. நாணயத்தின் அருகில் வைக்கவே கூடாத பிளாஸ்டிக்கும் உண்டு. அரை நூற்றாண்டு வைத்தாலும் கெடுதல் செய்யாத பிளாஸ்டிக்கும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது, நாணயத்தை முறையாக உள்ளே வைப்பது, ஏற்கெனவே கெட்டதை இயன்றவரை மீட்பது ஆகிய மூன்றும் இந்த அத்தியாயத்தில்.

பகையாளி: மென்மையான பிவிசி

பாலிவினைல் குளோரைடு என்பதன் சுருக்கம்தான் பிவிசி. தண்ணீர்க் குழாயில் இருப்பதும் இதுவே. இயல்பில் இது விறைப்பானது. வளையும் பையாக இதை மாற்ற எண்ணெய் போன்ற மென்மையூட்டிகளைக் கலக்கிறார்கள். மென்மையான பிவிசியின் எடையில் மூன்றில் ஒரு பங்குவரைகூட இந்த மென்மையூட்டி இருக்கும். அது பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைந்திருப்பதில்லை. வெறுமனே கலந்து நிற்கிறது. எனவே வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து நாணயத்தின் மேல் படலமாகப் படிகிறது. பழைய ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

கசிவு பாதித் தொல்லை. மீதி, பிவிசியில் உள்ள குளோரின். காலப்போக்கில், குறிப்பாகச் சூட்டிலும் வெளிச்சத்திலும், பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். செம்பில் அது படும்போது பச்சை நிறச் செம்புக் குளோரைடுகள் உண்டாகின்றன. எழுத்துகளின் இடுக்கு, உருவத்தின் காது மடல், காலணாவின் ஓட்டை விளிம்பு போன்ற இடங்களில் முதலில் மங்கலான சாம்பல்பச்சைப் படலம் தோன்றும். அடுத்து அது பிசுபிசுப்பாகும். கடைசியில் உலோகத்திலேயே குழி விழும். முதல் இரண்டு கட்டங்களில் நாணயத்தை மீட்கலாம். குழி விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

எந்த உலோகத்துக்கு எவ்வளவு ஆபத்து?

செம்பு, வெண்கலம், பித்தளை, குப்ரோ நிக்கல் நாணயங்கள் முதலில் அடி வாங்கும். வெள்ளி தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். விக்டோரியா வெள்ளி ரூபாயின் 11.66 கிராமில் 91.7 சதவீதம் வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. பச்சைக்கு அந்தச் செம்பே போதும். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான் என்பதால் அதற்கு ஆபத்து இன்னும் அதிகம். சவரன் எனப்படும் 22 காரட் தங்க நாணயத்திலும் பன்னிரண்டில் ஒரு பங்கு வேற்று உலோகம் உண்டு. தங்கத்தில் பச்சை விழுவது அரிது. ஆனால் மென்மையூட்டியின் பிசுக்கு தங்கத்திலும் படியும்.

1964-ல் அறிமுகமான அறுகோண மூன்று பைசா போன்ற அலுமினிய நாணயங்களுக்குக் குளோரைடும் உப்புக் காற்றும் ஆகாது. வெள்ளைப் பொடி பூத்து, அடியில் புள்ளி புள்ளியாக அரிக்கும். சங்ககால ஈய நாணயங்கள் யாரிடமாவது இருந்தால் அவற்றுக்குப் பிவிசியைவிட மரப்பெட்டியும் அட்டையுமே பெரிய எதிரி. மரமும் மலிவான அட்டையும் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும். இவற்றை அட்டை படாமல், நல்ல பிளாஸ்டிக்கில் மட்டும் வையுங்கள்.

நம்பத்தக்கவை

மைலார்: பாலியெஸ்டர் படலத்தின் வணிகப் பெயர். ஆவணக் காப்பகங்களும் பயன்படுத்துவது. கண்ணாடிபோல் தெளிவு, கசக்கினால் சலசலக்கும், மடித்த கோடு அப்படியே நிற்கும். மென்மையூட்டி கிடையாது. சற்று விறைப்பானது என்பதால் நாணயத்தை உள்ளே தள்ளும்போதும் எடுக்கும்போதும் கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாலிஎத்திலீன்: ஜிப் கவர்களில் பெரும்பாலானவை இதுதான். லேசான பால்நிற மங்கல், வழவழப்பு. கெடுதல் செய்யாது; தெளிவு குறைவு.

பாலிபுரொப்பிலீன்: ஆல்பப் பக்கங்களுக்கு ஏற்றது. பாலிஎத்திலீனைவிடத் தெளிவானது. சமையலறையில் இருக்கும் காற்றுப் புகா டப்பாக்கள் பலவும் இதில் செய்தவையே.

பாலிஸ்டைரீன், அக்ரிலிக்: கேப்ஸ்யூல்கள், பெட்டிகள் செய்யப் பயன்படும் கடினமான பிளாஸ்டிக்குகள். இரண்டும் பாதுகாப்பானவை. பாலிஸ்டைரீன் கீழே விழுந்தால் விரிசல் விடும்; அக்ரிலிக் சற்றுத் தாங்கும்.

டப்பா, குழாய், கேப்ஸ்யூல் பெட்டி ஆகியவற்றின் அடியில் அம்புகள் சூழ்ந்த முக்கோணத்துக்குள் ஓர் எண் இருந்தால் அதையும் பாருங்கள். 1 பாலியெஸ்டர், 2-ம் 4-ம் பாலிஎத்திலீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். 3 என்றால் பிவிசி, வாங்காதீர்கள். 7 என்பது மற்றவை எல்லாவற்றுக்கும் பொது; அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

வீட்டிலேயே சோதிக்க

ஆல்பப் பையில் எண் ஏதும் அச்சிட்டிருக்காது. விற்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம். வரிசையாக நான்கு சோதனைகள் செய்யலாம். நாணயத்தை வெளியே எடுத்துவிட்டு, பையின் ஓரத்தில் நகத்தின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை மூக்குக்கு. புதிய மழைக்கோட்டைப் பிரிக்கும்போது வரும் நெடி வந்தால் அது பிவிசியாகவே இருக்கும். ஆனால் பழைய பையில் நெடி போயிருக்கலாம். எனவே நெடி இல்லை என்பதால் அதை நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டாவது விரலுக்கு. மடித்து அழுத்திவிட்டு விடுங்கள். மென்மையான பிவிசி கோடு விழாமல் பழையபடி விரியும். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒட்டும். மைலாரில் கோடு நிற்கும். பாலிஎத்திலீனை இழுத்தால் சவ்வுபோல் நீளும்.

மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் விளக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள். இல்லாவிட்டால் கனமான துண்டும் நீர்ப்பரப்பின் இழுவிசையால் மேலேயே நிற்கும். துண்டைக் குச்சியால் அடிவரை அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களைத் தட்டிவிட்டு விடுங்கள். மேலே வந்துவிட்டால் அது பாலிஎத்திலீனோ பாலிபுரொப்பிலீனோதான். இரண்டும் தண்ணீரைவிட லேசானவை, கவலையின்றிப் பயன்படுத்தலாம். மூழ்கினால் முடிவு சொல்ல முடியாது. பிவிசியும் மூழ்கும், மைலாரும் மூழ்கும், பாலிஸ்டைரீனும் மூழ்கும்.

மூழ்கிய துண்டுக்கு நான்காவது சோதனை. 1872-ல் பைல்ஸ்டைன் என்ற வேதியியலர் சொன்ன வழி இது. கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இன்றும் செய்கிறார்கள். மின்கம்பியின் உறையைச் சீவி எடுத்த செம்புக் கம்பியைக் குறட்டால் பிடித்து, கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் நிறம் எதுவும் வராத அளவுக்குக் காய்ச்சுங்கள். சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் துண்டைத் தொடச் செய்து, கம்பியில் சிறிது ஒட்டியதும் மீண்டும் சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது; அந்த ஆல்பம் வேண்டாம். பச்சை வராவிட்டால் குளோரின் இல்லை. புகை நச்சு என்பதால் சிறு துண்டு போதும். சன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளை விலக்கிவிட்டுச் செய்யுங்கள். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் தெரிந்த வேதியியல் ஆசிரியரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

அருங்காட்சியகங்கள் இதைவிடக் கடுமையான சோதனை வைக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-ல் வகுத்த முறை அது. காட்சிப்பெட்டிக்குப் பயன்படுத்தப்போகும் பொருளின் துண்டோடு வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளையும் சிறிது நீரையும் அடைத்த குழாயில் வைத்து, 60 டிகிரி சூட்டில் 28 நாள் விட்டு, தகடுகள் நிறம் மாறுகின்றனவா என்று பார்ப்பார்கள். வெள்ளி கறுத்தால் கந்தகம்; ஈயம் வெளுத்தால் அமில ஆவி; செம்பு பச்சையானால் பெரும்பாலும் குளோரைடு. இதன் எளிய வடிவம் ஒன்றை நீங்களும் பின்பற்றலாம். மதிப்பில்லாத செம்பு நாணயம் ஒன்றைப் பளபளப்பாகத் தேய்த்து, புதிய ஆல்பத்தின் ஒரு பையில் போட்டு ஒரு கோடைகாலம் முழுவதும் விடுங்கள். அது மாறாமல் இருந்தால் மற்றவற்றை வையுங்கள்.

எந்த நாணயத்துக்கு எந்த உறை?

அட்டை ஹோல்டர்: இரண்டு அங்குலச் சதுர அட்டை, நடுவில் மைலார் சன்னல். விலை குறைவு, பெயரும் ஆண்டும் எழுத இடம் உண்டு, ஆல்பத்திலும் பெட்டியிலும் அடுக்கலாம். சாதாரணச் சேகரிப்புக்கு இதுவே போதும். பசை தடவிய வகையைவிட ஸ்டேப்லர் பின் அடிக்கும் வகை நல்லது. நம் ஊர் வெயிலில் பசை இளகி நாணயத்தின் விளிம்புக்கு வந்துவிடும். கடற்கரை ஊர்களில் பின் துருப்பிடிக்கும் என்பதால் அதைக் கண்காணிக்க வேண்டும்.

ஃபிளிப்: இரண்டு பை கொண்ட, மடிக்கும் உறை. ஒன்றில் நாணயம், மற்றதில் குறிப்புச் சீட்டு. கண்காட்சிகளில் விற்பவர்கள் தரும் ஃபிளிப்களில் மென்மையானவை பெரும்பாலும் பிவிசி. வாங்கிய நாணயத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்வரை அதில் வைக்கலாம். வந்ததும் மாற்றிவிட வேண்டும். நீண்ட நாள் வைக்க மைலார் ஃபிளிப் கேட்டு வாங்குங்கள்.

கேப்ஸ்யூல்: வட்டமான, இறுக மூடும் கடினப் பிளாஸ்டிக் கூடு. புழக்கத்துக்கு வராத நாணயம், புரூஃப் நாணயம், தூய வெள்ளி, தங்கம் ஆகியவற்றுக்கு ஏற்றது. அளவு சரியாக இருக்க வேண்டும். பெரிதானால் நாணயம் உள்ளே ஆடி விளிம்பு தேயும். சிறிதானால் மூடும்போது அழுத்தும். விக்டோரியா ரூபாய் சுமார் 30.5 மி.மீ., 1992-ல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மி.மீ., பத்து ரூபாய் 27 மி.மீ., தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நினைவாக வந்த ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம் 44 மி.மீ. அளக்கும்போது இரும்பு வெர்னியரின் முனை நாணயத்தில் படக் கூடாது. பிளாஸ்டிக் வெர்னியர் வாங்குங்கள், அல்லது காகிதத்தில் வைத்து இரு பக்கமும் பென்சிலால் குறித்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

குழாய்: ஒரே வகை நாணயம் நிறைய இருந்தால் வட்டக் குழாயில் அடுக்கலாம். ஒன்றோடொன்று உரசும் என்பதால் உயர்தர நாணயங்களுக்கு வேண்டாம்.

ஸ்லாப்: தரம் பிரிக்கும் நிறுவனங்கள் முத்திரையிட்டுத் தரும் தட்டையான கடினக் கூடு. அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ். 1986-லும் என்.ஜி.சி. 1987-லும் இதைத் தொடங்கின. 70 வரை மதிப்பெண் தரும் அளவுகோலில் தரம் குறிக்கப்படும். பிளாஸ்டிக் பாதுகாப்பானது, ஆனால் காற்றும் ஈரமும் நுழையவே முடியாதது அன்று. அதையும் உலர்ந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். தரம் போட வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள், தனியாள் அதை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. விக்டோரியா ரூபாய் அத்தனையும் இதில் அடங்கும்.

செய்யக் கூடாதவற்றில் முதலிடம் லேமினேஷனுக்கு. சூடும் பசையும் சேர்ந்து நாணயத்தைப் பாழாக்கும்; பிரித்தெடுக்கவும் முடியாது. பள்ளிக் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் செல்லோ டேப் ஒட்டி நாணயங்களைப் பதிப்பதும் அப்படித்தான். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவதும் வேண்டாம். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடாகப் பதியும்.

உள்ளே வைக்கும் முறை

நல்ல உறையும் அவசரக் கையில் கெடும். அட்டை ஹோல்டரில் வைக்கும் வரிசை இது:

1. சுத்தமான மேசையில் பருத்தித் துணியை விரித்துக்கொள்ளுங்கள். கை தவறினாலும் நாணயம் துணியில்தான் விழும்.

2. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை இருந்தால் நல்லது. நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகையிலுள்ள உப்பும் எண்ணெய்யும் சில வாரங்களில் செம்பில் பழுப்பு ரேகையாகத் தெரியத் தொடங்கும்.

3. நாணயத்துக்கு மேல் குனிந்து பேசாதீர்கள். தெறிக்கும் எச்சில் துளி அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. பின்னாளில் அதே இடத்தில் கரும்புள்ளி விழும்.

4. பெயர், ஆண்டு, அச்சடித்த ஆலை, வாங்கிய விலை எல்லாவற்றையும் அட்டையில் முதலிலேயே எழுதிவிடுங்கள். நாணயம் உள்ளே போன பிறகு பேனாவை அழுத்தினால் அது உள்ளே பதியும்.

5. சன்னலில் அட்டைத் தூசி ஒட்டியிருக்கும். காற்றூதும் ரப்பர்ப் பந்தால் ஊதித் தள்ளுங்கள். வாயால் ஊத வேண்டாம்.

6. நாணயத்தை நடுவில் வைத்து, மடித்து, நான்கு பக்கமும் பின் அடியுங்கள். நாணயத்தின் விளிம்புக்கும் பின்னுக்கும் இடைவெளி இருக்கட்டும்.

7. பின்னின் முனைகளைத் தட்டைக் குறட்டால் அமுக்குங்கள். அமுக்காத முனை அடுத்த ஹோல்டரின் மைலாரைக் கிழித்து, அதிலுள்ள நாணயத்தையும் கீறும். சேகரிப்புகளில் காணும் கீறல்கள் பலவும் இப்படி வந்தவையே.

நாணயத்தை வெளியே எடுக்கும்போது பின்களையெல்லாம் முதலில் கழற்றிவிடுங்கள். பாதி கழற்றிய ஹோல்டரிலிருந்து நாணயத்தை இழுத்தால் பின் முனை முகத்தின் குறுக்கே கோடு போட்டுவிடும்.

பச்சை படிந்துவிட்டால்

முதலில் அது எந்தப் பச்சை என்று பாருங்கள். உலர்ந்து, கெட்டியாக, சீராகப் படிந்த பச்சை பழைய செம்பின் இயல்பான களிம்பு. அதைத் தொடாதீர்கள். மண்ணிலிருந்து கிடைத்த சோழர் காசு போன்ற பழஞ்செம்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி குழிகளிலிருந்து பொங்கி, தட்டினால் உதிர்ந்தால் அது வெண்கல நோய். உலோகத்துக்குள் புதைந்த குளோரைடு ஈரம் பட்டுத் தொடர்ந்து அரிப்பதால் வருவது. அதற்குக் கீழே சொல்லும் வைத்தியம் பலிக்காது. அந்தக் காசைத் தனியே பிரித்து உலர்வான டப்பாவில் வைத்துவிட்டு, பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் 1930-களிலிருந்து இருக்கிறது.

பிசுபிசுப்பாக, பைத் துணுக்கோடு ஒட்டினாற்போல் இருந்தால் அது பிவிசி வேலை. அதற்குத் தூய அசிட்டோன் வேண்டும். ஆய்வுக்கூட வேதிப்பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். நகப்பூச்சு அகற்றும் திரவம் உதவாது; அதில் எண்ணெய், நிறம், வாசனை எல்லாம் கலந்திருக்கும்.

அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில்கூட அதன் ஆவி பற்றிக்கொள்ளும். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் எரியாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கிண்ணம் கண்ணாடியாக இருக்க வேண்டும். பாலிஸ்டைரீன், அக்ரிலிக், தெர்மாகோல் மூன்றையும் அசிட்டோன் கரைத்துவிடும்.

நாணயம் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, கண்ணாடித் தட்டால் மூடிச் சில நிமிடம் விடுங்கள். இடுக்கியால் விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் போடுங்கள். பிசுக்கு கரைந்தால் அசிட்டோன் கலங்கும். புதிய அசிட்டோன் ஊற்றிய இரண்டாவது கிண்ணத்துக்கு மாற்றுங்கள். இடுக்கில் மிஞ்சியதை அசிட்டோன் தோய்ந்த பஞ்சுக் குச்சியை உருட்டி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கடைசியாக மூன்றாவது கிண்ணத்தில் தூய அசிட்டோனில் ஒரு முறை முக்கி எடுத்து, துணியில் விளிம்பு படச் சாய்த்து வைத்தால் ஒரு நிமிடத்தில் தானே உலர்ந்துவிடும். அழுக்கான அசிட்டோனோடு உலரவிட்டால் அதே பிசுக்கு மீண்டும் படிந்துவிடும். அதற்காகத்தான் மூன்று கிண்ணங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பச்சை நின்றால் அரிப்பு உலோகத்துக்குள் போய்விட்டது என்று பொருள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை, பித்தளை விளக்கும் பொடி என்று இறங்கினால் எஞ்சிய இயற்கை மேற்பரப்பும் போய்விடும். மெருகேற்றிய நாணயத்தை அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். விலையையும் அப்போதே குறைத்துவிடுவார்.

வாங்கும்போதே வரும் உறை

நாணய ஆலைகள் வெளியிடும் நினைவு நாணயத் தொகுப்புகளின் பெட்டியும் சான்றிதழும் மதிப்பின் ஒரு பகுதி. அவற்றைப் பிரிக்க வேண்டாம். ஆனால் உறை எதுவென்று பார்த்துவிடுங்கள். கடினமான கேப்ஸ்யூல் என்றால் விட்டுவிடலாம். சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சில நாடுகள் தங்கள் தொகுப்புகளை மென்மையான பிவிசி உறையில் வெளியிட்டன. அப்படிப்பட்டதில் நாணயத்தைக் கேப்ஸ்யூலுக்கு மாற்றி, காலி உறையையும் பெட்டியையும் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் கெட்டபின் பெட்டிக்கு மட்டும் மதிப்பு ஏது?

முதலீட்டுக்கு வாங்கும் தங்க நாணயம் வேறு கணக்கு. நகைக்கடையோ வங்கியோ முத்திரையிட்ட அட்டையில் தருவதைக் கிழித்தால், திருப்பி விற்கும்போது மீண்டும் தரம் பார்ப்பார்கள். சில இடங்களில் விலையும் குறையும். அதை அப்படியே வெளியே ஒரு பாலிஎத்திலீன் ஜிப் கவரில் போட்டு வைப்பதே நல்லது.

உறைக்கு வெளியே

நல்ல உறையில் போட்டுவிட்டால் கவலை விட்டது என்று இருந்துவிட முடியாது. நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதம் எந்த உறைக்குள்ளும் மெல்லப் புகும். சமையலறையில் இருப்பதுபோன்ற, மூடியில் சிலிக்கோன் வளையம் உள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவில் ஹோல்டர்களை நிறுத்தி வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றும் சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றும் போடுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக நலம். பழஞ்செம்புக் காசுகளுக்கு 40-க்குக் கீழே இருக்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில், அதாவது ஓவனில், 110 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். பாக்கெட் நாணயத்தைத் தொடக் கூடாது. அரிசியும் உப்பும் மூட்டை கட்டிப் போடும் பழக்கம் நாணயத்துக்கு ஒத்துவராது, உப்பிலிருப்பது குளோரைடே.

பீரோவில் பட்டுப்புடவைகளோடு நாணயப் பெட்டியை வைக்கிறவர்கள் அந்துருண்டையைக் கவனியுங்கள். நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் கேப்ஸ்யூலை இளகச் செய்து மங்கலாக்கும். ஒன்று உருண்டையை எடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள பரண், சமையலறைச் சுவர் அலமாரி, சன்னலோர மேசை மூன்றும் வேண்டாம். வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து சற்று உயரத்தில், சூடும் ஈரமும் அதிகம் ஏறி இறங்காத இடமே சரி.

ஆண்டுக்கொரு முறை

ஆண்டில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்த தை மாதம் வசதியானது. ஒவ்வொரு ஹோல்டரையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சன்னலில் எண்ணெய்ப் படலம், பின்னில் துரு, எழுத்து இடுக்கில் பச்சை, வெள்ளியில் புதிதாகக் கறுப்பு ஆகிய நான்கையும் தேடுங்கள். சந்தேகமான நாணயத்தை அன்றே புது உறைக்கு மாற்றுங்கள். எந்த நாணயம் எந்த ஆண்டு உறை மாறியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், எந்த வகை உறை உங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை என்பது சில ஆண்டுகளில் தெரிந்துவிடும்.

சேகரிப்பு பெரிதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற இயலாது. செம்பும் வெண்கலமும் முதலில், வெள்ளி அடுத்து, ஸ்டீல் நாணயங்கள் கடைசியில் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கழித்த பிவிசி ஆல்பத்தைப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவனுடைய காசுகளும் காசுகளே.

நல்ல கேப்ஸ்யூல் ஒன்றின் விலை நல்ல நாணயத்தின் விலையில் சிறு பகுதிதான். அரிப்பு தின்ற மேற்பரப்பைத் திரும்பக் கொடுக்க எந்தக் கடையும் இல்லை. அடுத்த நாணயத்தை வாங்குவதற்கு முன், ஏற்கெனவே உங்களிடம் இருப்பவை எந்தப் பிளாஸ்டிக்கில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.